நாற்புறமும் ஒலி

கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு அது இல்லை. கண் தன் முன்னால் இருப்பதை மட்டுமே காண்கிறது. காதோ முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் எழுகின்ற ஒலிகளை எல்லாம் ஒருங்கே ஏற்றுக்கொள்கிறது. தெருவில் நடந்து செல்லும்போது பின்னால் வருகின்ற வண்டியை நாம் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அது எந்தப் பக்கமாக வருகிறது என்பதைச் செவி நமக்குச் சொல்லிவிடுகிறது. இயற்கை நமக்கு அளித்துள்ள இந்தத் திசையுணர்வை, மனிதன் அமைத்த ஒலிப்பதிவுக் கருவிகள் நெடுங்காலம் வரை அறியவில்லை. 1877-ஆம் ஆண்டில் எடிசன் அமைத்த கருவி ஒரே ஒரு குழாயின் வழியாகப் பேசிற்று. நூறு பேர் கூடி இசைத்தாலும் அத்தனை இசையும் அந்த ஒரு துளையின் வழியாகத்தான் வெளிவந்தாக வேண்டும். இழந்த திசையை மனிதன் எவ்வாறு மீட்டான் என்பதையும், மீட்ட திசையை 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தட்டில் எவ்வாறு அடக்கித் தன் வீட்டிற்குக் கொண்டு வந்தான் என்பதையும் மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த வரலாற்றைத் தேடிப் படிக்குமாறு என்னைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சியே. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் ஐந்து ஒலிபெருக்கிகளையும், தாழ்ந்த ஒலிக்கென்று பெரிய பெட்டி ஒன்றையும் அமைத்து, படம் பார்க்க என்னை அழைத்தார். படம் ஓடத் தொடங்கியது. ஐந்து பெட்டிகளும் ஒரே குரலில் முழங்கின. நண்பர் பெருமிதத்துடன் என்னைப் பார்த்தார். ஆனால் அவருடைய தந்தையார், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், செவி சற்று மந்தமானவர், என் பக்கம் சாய்ந்து, “தம்பி, படம் நன்றாகத்தான் தெரிகிறது. பேச்சுத்தான் ஒன்றும் பிடிபடவில்லை” என்றார். அவர் சொன்னது எனக்கும் பொருந்திற்று. என் செவி மந்தமானதன்று. தட்டின் உறையிலோ அரை டஜன் எழுத்துக்களும் எண்களும் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றின் பொருள் எங்கள் மூவருள் ஒருவருக்கும் தெரியாது. அன்று பிடிபடாத பேச்சு பின்னர் எப்படிப் பிடிபட்டது என்பதை உரிய இடத்தில் கூறுகிறேன்.

முதலில் செவி திசையை எவ்வாறு அறிகிறது என்பதைப் பார்ப்போம். ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. வலப்புறத்தில் எழும் ஓசை முதலில் வலச் செவியை அடைந்து, தலையைச் சுற்றிக்கொண்டு சற்றுப் பின்னரே இடச் செவியை அடைகிறது. இந்தக் காலவேறுபாடு, மிகுதியாகப் போனாலும், ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கி அதில் ஒரு கூறைக்கூட எட்டுவதில்லை. அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டையும் மூளை அளந்துவிடுகிறது. அன்றியும், உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளைத் தலை ஓரளவு மறைப்பதால், அப்பாலுள்ள செவிக்கு அவை மெலிந்து கேட்கின்றன. காலம், வலிமை ஆகிய இந்த இரண்டு குறிப்புகளைக் கொண்டே நாம் பெரும்பாலும் திசையை உணர்கிறோம் என்பதை ராலே பிரபு என்னும் ஆங்கில விஞ்ஞானி 1907-இல் விளக்கினார். ஆகவே, இரண்டு செவிகளுக்கும் இரண்டு வேறு செய்திகளை அனுப்ப முடியுமானால், இல்லாத திசையையும் இருப்பதாகக் காட்டிவிடலாம்.

இந்த உண்மை விளக்கம் பெறுவதற்கு முன்பே ஒருவர் தற்செயலாக அதைச் செய்து காட்டிவிட்டார். 1881-இல் பாரிஸ் நகரத்தில் மின்சாரப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. கிளெமான் ஆதர் என்னும் பொறியியலார் அந்நகரத்து ஆப்பெரா அரங்கின் மேடை முகப்பில் தொலைபேசி ஒலிவாங்கிகளை வரிசையாக அமைத்து, கம்பிகளின் வழியே பொருட்காட்சிக் கட்டடத்திற்கு இசையைக் கொண்டு வந்தார். மக்கள் இரண்டு கேட்குங் கருவிகளைச் செவிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு கேட்டார்கள். பாடகர் மேடையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு நடந்து செல்வதை அவர்களால் உணர முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத மேடையைக் காதால் கண்ட முதல் மக்கள் அவர்கள் எனலாம்.

இதைப் படக் கொட்டகைக்குக் கொண்டு வர எண்ணியவர் ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியல் அறிஞர். பேசும் படம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். அவர் தம் மனைவியுடன் படம் பார்க்கச் சென்றிருந்தபோது, திரையில் நடிகர் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்குப் போனாலும் அவர் குரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பதைக் கண்டு, குரலும் அவருடன் நடக்குமாறு செய்யத் தமக்கு வழி தெரியும் என்று கூறினார் என்பார்கள். 1931 டிசம்பரில் அவர் பதிவு செய்த காப்புரிமை விண்ணப்பத்தில் எழுபது உரிமைக் கோரிக்கைகள் இருந்தன. ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரண்டு ஒலிகளைப் பொறிக்கும் முறையும் அவற்றுள் ஒன்று. பின்னாளில் உலகெங்கும் பரவிய ஸ்டீரியோ இசைத்தட்டு இம்முறையில் அமைந்ததே. ஆனால் அது கடைக்கு வந்தபோது அவர் உயிருடன் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவி ஒன்றைச் சோதிப்பதற்காகப் பறந்துகொண்டிருந்த விமானம் 1942 ஜூன் 7-ஆம் நாள் விழுந்து நொறுங்கியதில் அவர் மாண்டார். அப்போது அவருக்கு வயது 38.

அதே காலத்தில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தாரும் இவ்வழியில் உழைத்தார்கள். 1933 ஏப்ரல் 27-ஆம் நாள் பிலடெல்பியா நகரத்தில் இசைக்குழு வாசிக்க, அந்த இசை மூன்று தனித்தனிக் கம்பி வழிகளில் வாஷிங்டன் நகரத்து அரங்கிற்கு வந்து, மேடையில் வைத்த மூன்று ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. இரண்டு போதாதோ, மூன்று எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டே ஒலிபெருக்கிகள் இருந்தால், நடுவில் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே குரல் நடுவிலிருந்து வருவதாகத் தோன்றும். ஓரத்தில் அமர்ந்தவருக்கு அது அருகிலுள்ள பெட்டிக்குத் தாவிவிடும். நடுவே ஒரு பெட்டி இருந்தால் எவர் எங்கிருந்து கேட்டாலும் குரல் நடுவிலேயே நிற்கும். இந்த நடுப்பெட்டியை மறவாதீர்கள்; என் நண்பருடைய தந்தையாரின் குறை தீர்ந்ததும் அதனாலேயே.

ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் என்று தனியாகச் செல்லும் ஒலியோட்டத்தை இனித் தடம் என்று அழைப்போம். பல தடங்களைப் படக் கொட்டகையில் முதன்முதலாகப் பெரிய அளவில் பயன்படுத்தியவர் வால்ட் டிஸ்னி. 1940 நவம்பர் 13-ஆம் நாள் நியூயார்க் நகரத்தில் வெளியான ஃபேன்டேசியா என்னும் படத்திற்கென்று ஃபேன்டசவுண்டு என்னும் முறை அமைக்கப்பட்டது. படச்சுருள் ஒன்று, அதனுடன் இணைந்து ஓடும் ஒலிச்சுருள் மற்றொன்று. அந்த ஒலிச்சுருளில் மூன்று ஒலித் தடங்களும், எப்பெட்டி எப்போது எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று ஆணையிடும் நான்காவது தடம் ஒன்றும் இருந்தன. மிக அருமையான ஏற்பாடு; ஆனால் செலவோ பெரிது. கருவிகளைக் கொட்டகைதோறும் பொருத்துவது எளிதாக இல்லை. போரும் நெருங்கிற்று. விரைவிலேயே அந்தப் படம் ஊர் ஊராகச் சென்றபோது பழைய ஒற்றைத் தடத்துடனேயே சென்றது.

போருக்குப் பின் தொலைக்காட்சி வீடுகளுக்குள் புகுந்தது. கொட்டகைக்கு வரும் மக்கள் குறைந்தனர். வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டி அவர்களை அழைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. 1952-இல் சினிராமா ஏழு காந்தத் தடங்களுடனும், 1953-இல் சினிமாஸ்கோப் முறையில் வந்த தி ரோப் என்னும் படம் நான்கு காந்தத் தடங்களுடனும் வெளிவந்தன. இடம், நடு, வலம், அவற்றோடு அரங்கின் பக்கங்களிலிருந்து ஒலிக்கும் சூழொலி: இவையே அந்த நான்கு. ஆயினும் காந்தப் பூச்சுள்ள படிகளுக்கு விலை மிகுதி. கொட்டகை உரிமையாளர்கள் தயங்கினார்கள். ஒலி நன்றாக இல்லை என்று எவரும் கூறவில்லை. கணக்குக் கட்டவில்லை என்றே கூறினார்கள். இவ்வரலாறு முழுவதிலும் இந்தச் சிக்கல் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காண்பீர்கள். மிகுந்த ஒலியைக் குறைந்த இடத்தில், குறைந்த செலவில் எப்படி அடக்குவது? சூழொலி முறைகள் அனைத்தும் இந்த ஒரு கேள்விக்குப் பிறந்த வெவ்வேறு விடைகளே.

அவற்றுள் புகழ் பெற்ற ஒரு விடையைத் தந்தவருக்கு நம் நாட்டுடன் தொடர்பு உண்டு. ரே டால்பி என்னும் அமெரிக்கர் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகள் சபையின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றியவர். 1965-இல் லண்டனில் தம் ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவி, காந்த நாடாவில் எழும் ‘உஸ்’ என்னும் இரைச்சலை அடக்கும் முறையை முதலில் அமைத்தார். தடங்கள் பெருகப் பெருக இரைச்சலும் பெருகும் ஆதலால், இரைச்சலை அடக்காமல் பல தடங்களைப் பற்றிப் பேசுவதே வீண். அதன் பின்னர் அவருடைய நிறுவனத்தார் சாதாரணப் படச்சுருளின் ஓரத்திலுள்ள குறுகிய ஒளித்தடத்திலேயே நான்கு தடங்களை அடக்க வழி கண்டனர். 1977-இல் வெளியான ஸ்டார் வார்ஸ் அதன் பெருமையை உலகறியச் செய்தது.

இரண்டு தடங்களுக்குள் நான்கு எவ்வாறு அடங்கும்? பள்ளிக் கணக்கிலுள்ள கூட்டலும் கழித்தலுமே இதற்குப் போதும். நடுவிலிருந்து கேட்க வேண்டிய பேச்சை இரண்டு தடங்களிலும் சம அளவில் ஒரே விதமாகச் சேர்த்தார்கள். பின்னாலிருந்து கேட்க வேண்டிய ஒலியையும் இரண்டிலும் சேர்த்தார்கள். ஆனால் ஒன்றில் அலை மேலெழும்போது மற்றொன்றில் கீழிறங்குமாறு எதிரெதிராகச் சேர்த்தார்கள். இப்போது இரு தடங்களையும் கூட்டினால் எதிரெதிரானவை அழிந்து பேச்சு நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் ஒரே விதமான பேச்சு அழிந்து பின்னொலி நிற்கும். எஞ்சியவை இடமும் வலமும். முழுமையாகப் பிரிவதில்லை என்பது உண்மையே. ஒன்றின் ஒலி மற்றொன்றில் ஓரளவு கசியத்தான் செய்யும். எனினும் குறைந்த செலவுக்கு இது பெரிய வெற்றி. அன்றியும், இரண்டு தடங்களையும் ஒன்றாகக் கூட்டி ஒலிக்கும் பழைய கொட்டகையிலும் பேச்சு குறைவின்றிக் கேட்டது.

இதில் ஒரு வியப்பும் விளைந்தது. இந்தப் படங்களை வீடியோ நாடாவிலும், 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள லேசர்டிஸ்க் என்னும் தட்டிலும் பதிவு செய்தபோது, மறைந்திருந்த நான்கு தடங்களும் அந்த இரண்டு தடங்களோடு அப்படியே வீட்டிற்குள் வந்துவிட்டன. வாங்கியவர்களுக்குத் தம் வீட்டில் சூழொலி இருப்பது தெரியாது! அதைப் பிரித்துக் காட்டும் கருவிதான் இல்லை. 1982-இல் டால்பி சரவுண்டு என்னும் பெயரில் அக்கருவி வந்தது. நடுத் தடத்தையும் செம்மையாகப் பிரிக்கும் புரோலாஜிக் முறை 1987-இல் வந்தது.

இதற்கிடையில் கொட்டகையில் ஒலி மேலும் வளர்ந்தது. 1979-இல் வெளியான அபோகலிப்ஸ் நவ் என்னும் படத்தின் 70 மில்லிமீட்டர் படிகளில் பின்னொலி இடம், வலம் என்று இரண்டாகப் பிரிந்தது. ஹெலிகாப்டர் பார்ப்பவர் தலையைச் சுற்றிப் பறப்பது போன்ற உணர்வு பிறந்தது. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தாழ்ந்த ஒலிக்குத் தனியே ஒன்று என்னும் அமைப்பு இவ்வாறு உருவாயிற்று. அதுவே 5.1 என்னும் பெயரைப் பெற்றது. அந்தப் புள்ளி ஒன்றைக் கண்டு மயங்க வேண்டா. தாழ்ந்த ஒலிக்கான தடம் வினாடிக்கு ஏறத்தாழ 120 அதிர்வுகள் வரையுள்ள ஒலிகளை மட்டுமே ஏந்துகிறது. செவி கேட்கும் எல்லையோ 20,000 அதிர்வுகள். கணக்குப்படி அது நூற்றில் ஒரு பங்கும் ஆகாது. சொல்வதற்கு எளிதாக இருக்கட்டும் என்று பத்தில் ஒன்றாக எழுதிக்கொண்டார்கள். அத்துணைத் தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி எளிதில் அறியாது. ஆகவேதான் சப்வூஃபர் என்னும் அந்தப் பெட்டியை அறையின் ஏதோ ஒரு மூலையில் வைத்தாலும் பெருங்குற்றம் தோன்றுவதில்லை.

அடுத்து ஒலி எண்களாக மாறிற்று. 1992-இல் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்துடன் டால்பி டிஜிட்டல் முறை வந்தது. படச்சுருளின் துளைகளுக்கு இடையேயுள்ள வெற்றிடங்களில் நுண்ணிய புள்ளிகளாக ஒலி அச்சிடப்பட்டது. 1993-இல் ஜுராசிக் பார்க் படத்துடன் டிடிஎஸ் முறை வந்தது. அதில் ஒலி முழுவதும் தனியான குறுந்தட்டில் இருந்தது. படச்சுருளில் நேரத்தைக் காட்டும் குறியீடு மட்டுமே இருந்தது. அதே ஆண்டில் சோனி நிறுவனத்தார் எட்டுத் தட முறை ஒன்றைக் கொண்டு வந்தனர். அது கொட்டகையோடு நின்றது. முன்னவை இரண்டும் வீட்டிற்கு வந்தன.

அவை வந்த வாகனமே டிவிடி. 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997-இல் அமெரிக்காவிலும் அது விற்பனைக்கு வந்தது. இங்கே நீங்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். ஒலியை எண்ணாக்க, வினாடிக்கு 48,000 முறை அதை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் எழுதுகிறார்கள். ஆறு தடங்களுக்கு வினாடிக்கு 46,08,000 பிட்டுகள் ஆகின்றன. இரண்டு மணி நேரப் படத்திற்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 415 கோடி பைட்டுகள். ஓர் அடுக்குள்ள டிவிடி கொள்வதோ 470 கோடி பைட்டுகள். ஒலியை மட்டும் வைத்தாலே தட்டு நிறைந்துவிடும். படத்தை எங்கே வைப்பது? ஆகவே ஒலியைச் சுருக்கியே தீர வேண்டும்.

டிவிடியில் டால்பி டிஜிட்டல் மிகுதியாகப் பெறுவது வினாடிக்கு 4,48,000 பிட்டுகள். அதாவது மூல அளவில் பத்தில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. மீதி ஒன்பது பங்கு எங்கே போயிற்று? இங்கேதான் மனிதச் செவி துணைக்கு வருகிறது. மேளம் முழங்கும்போது அருகில் இருப்பவர் மெல்லப் பேசினால் நமக்குக் கேட்பதில்லை. வலிய ஒலி, தன் சுருதிக்கு அண்மையிலுள்ள மெலிந்த ஒலியை மறைத்துவிடுகிறது. எப்படியும் கேட்கப்போவதில்லை என்றால் அதை எதற்காக எழுதி வைக்க வேண்டும்? அதற்குரிய பிட்டுகளைக் குறைத்துவிட்டு, கேட்பதற்கு மட்டும் இடம் ஒதுக்குகிறார்கள். டிடிஎஸ் முறை இதனினும் தாராளமானது. அதன் முழு அளவு வினாடிக்கு ஏறத்தாழ 15,09,000 பிட்டுகள். மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பின்னர் வந்த பல டிவிடிகளில் அதுவும் பாதியாகக் குறைக்கப்பட்டது.

இவ்விரண்டில் எது சிறந்தது என்று அந்நாளில் நடந்த வழக்காடல்களுக்கு அளவில்லை. பிட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறுவது பொருந்தாது. சுருக்கும் முறை வேறு, திறமை வேறு. இன்னொன்றும் உண்டு. டால்பி முறையில், படத்திற்குப் படம் பேச்சின் அளவு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக, மொத்த ஒலியைச் சற்றுத் தாழ்த்தும் குறிப்பு ஒன்று பதிவாகியிருக்கும். அதனால் அதே படத்தின் டிடிஎஸ் தடம் சற்று உரக்கக் கேட்பது உண்டு. உரக்கக் கேட்பதை நல்லது என்று கருதுவது செவியின் இயல்பான மயக்கம். இரண்டையும் ஒப்பிட விரும்புகிறவர் முதலில் ஒலியளவைச் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். இது ஒலிக்கு மட்டும் உரிய பாடமன்று. எந்தச் சோதனைக்கும் பொருந்தும்.

இப்போது நண்பர் வீட்டிற்கு மீண்டும் செல்வோம். ஒரு விடுமுறை நாளில் கருவியின் கையேட்டுடன் நாங்கள் இருவரும் அமர்ந்தோம். குற்றம் தட்டில் இல்லை, பெட்டிகளிலும் இல்லை. தட்டை ஓட்டும் கருவியில், ஒலியை வெளியே அனுப்பும் முறை இரண்டு தடங்கள் என்று அமைக்கப்பட்டிருந்தது. ஆறு தடங்களும் அங்கேயே இரண்டாகக் கலந்துவிட்டன. அந்தக் கலவையை ரிசீவர் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே மாதிரி பகிர்ந்து கொடுத்தது. அமைப்பை மாற்றியதும் பேச்சு நடுப்பெட்டிக்கு வந்து சேர்ந்தது. பின்பெட்டிகள் இரண்டும் பெரும்பாலும் வாய் மூடி இருந்தன. மழை பெய்தபோது மட்டும் மெல்லப் பேசின. நண்பருக்குச் சிறிது ஏமாற்றமே. “பணம் கொடுத்து வாங்கிய பெட்டிகள் சும்மா இருக்கின்றனவே!” என்றார். அவர் தந்தையாரோ நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, “இப்போது ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது” என்றார். நடுப்பெட்டியின் அளவை மட்டும் சிறிது உயர்த்தி வைத்தோம். அன்று அவர் படத்தை முடிவு வரை பார்த்தார். பின்பெட்டியின் மௌனமும் ஒலிக் கலவையாளரின் கருத்தே என்பதை நான் அன்று உணர்ந்தேன்.

2006-இல் புளூ-ரே தட்டு வந்தது. ஓர் அடுக்கில் 25 ஜிகாபைட்டும், ஈரடுக்கில் 50 ஜிகாபைட்டும் கொள்ளும் அதற்குப் போட்டியாக வந்த எச்டி டிவிடி 2008-இல் களத்தை விட்டு விலகிற்று. இடம் பெருகியதும் ஒலியை வெட்ட வேண்டிய கட்டாயம் நீங்கிற்று. டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்னும் இரண்டும் இழப்பற்ற முறைகள். இந்த வேறுபாட்டை ஓர் உவமையால் விளக்கலாம். ஒருவர் பேசியதைச் சாரமாக எழுதி வைத்தால், அதைக் கொண்டு அவர் சொன்ன சொற்களை அப்படியே மீட்க முடியாது. டிவிடியின் முறைகள் அத்தகையவை. அதே பேச்சைச் சுருக்கெழுத்தில் எழுதி வைத்தாலோ, இடம் குறைவாக இருப்பினும் ஒரு சொல்லும் விடாமல் திரும்ப எழுதிவிடலாம். புளூ-ரேயின் இழப்பற்ற முறைகள் இத்தகையவை. கலவைக் கூடத்தில் முடிவு செய்த ஒலியே ஒரு பிட்டும் மாறாமல் உங்கள் வீட்டில் எழுகிறது.

அதன் பின் 2012-இல் பிரேவ் என்னும் படத்துடன் கொட்டகைகளுக்கு டால்பி அட்மாஸ் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் முப்பரிமாணப் படமாக மாற்றி வெளியிடப்பட்ட சிவாஜி, தமிழில் இம்முறையைத் தொடக்கத்திலேயே கையாண்டது. 2014-இல் அட்மாஸ் வீட்டுத் தட்டுகளுக்கும் வந்தது. அடுத்த ஆண்டு டிடிஎஸ்:எக்ஸ் வந்தது. அதுவரை ஒவ்வோர் ஒலிக்கும் முகவரி ஓர் ஒலிபெருக்கியாக இருந்தது. இப்போது முகவரி வெளியிலுள்ள ஓர் இடமாயிற்று. ‘இந்தப் பறவை இடப்புறத்தில், தலைக்கு மேலே, இந்த நொடியில்’ என்று தட்டில் குறிப்பு எழுதப்படுகிறது. அந்த இடத்தில் ஒலி எழ உங்கள் வீட்டில் எந்தெந்தப் பெட்டிகள் பேச வேண்டும் என்பதை ரிசீவர் கணக்கிட்டுக்கொள்கிறது. கூரையில் பெட்டி இல்லாதவருக்கும் அதே தட்டு வழக்கமான சூழொலியாக ஒலிக்கிறது.

இவ்வளவும் கேட்டபின், எண் பெருகப் பெருக ஒலி சிறக்கும் என்று நீங்கள் முடிவு செய்துவிடலாகாது. 1975-இல் வெளியான ஜாஸ் என்னும் படம் ஒற்றைத் தடத்தில் அமைந்தது. அவ்வாண்டின் சிறந்த ஒலிக்கான ஆஸ்கார் விருது அதற்கே கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் அதன் டிவிடி வந்தபோது, ஆறு தடங்களாக மறுகலவை செய்யப்பட்டது. சில ஓசைகள் புதியனவாக மாற்றப்பட்டன. விருது பெற்ற மூல ஒலி அந்தத் தட்டில் இல்லை. பார்த்தவர்கள் குறை கூறினர். பின்வந்த பதிப்புகளில் மூல ஒலியும் இடம் பெற்றது. அது நற்பேறு. எல்லாப் படத்திற்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. ஃபேன்டேசியாவின் மூலச் சுருள்கள் சிதையத் தொடங்கியபோது, 1955-இல் தொலைபேசிக் கம்பிகளின் வழியாக அவ்வொலியை வேறிடத்திற்கு அனுப்பிக் காந்தப் படியாக எடுத்தார்கள். கம்பி வழியே வந்ததால் இசை சற்று மங்கிற்று. இன்று நமக்குக் கிடைப்பது அந்தப் படியே. முறை மாறும்போதெல்லாம் பழையதை ஓட்டும் கருவி மறைகிறது. கருவி மறைந்தால் ஒலியும் ஊமையாகிறது. புதிய தடங்களைச் சேர்ப்பது தவறன்று. பழைய ஏட்டைப் புதிதாக அச்சிடும்போது மூல பாடத்தை அழியாமல் காப்பது போல, மூலத் தடத்தையும் தட்டில் வைப்பதே முறை. அதைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. அதற்கு முதலில் உறையைப் படிக்கத் தெரிய வேண்டும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஒரு படத் தட்டைக் கையில் எடுக்கும்போது உறையின் பின்புறத்தைப் பொறுமையாகப் படியுங்கள். எத்தனைத் தடங்கள், சாரமா சுருக்கெழுத்தா, மூல ஒலியா மறுகலவையா என்று பாருங்கள். ஒரே தட்டில் மொழிக்கு மொழி தடங்களின் எண்ணிக்கை மாறுவதும் உண்டு, அதையும் கவனியுங்கள். பிறகு படத்தை ஓட விட்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பேச்சு திரையின் நடுவிலிருந்து தெளிவாக வருகிறதா? மழை உங்களைச் சூழ்ந்து பெய்கிறதா? அறையில் அமர்ந்திருக்கும் முதியவருக்கும் சொல் விளங்குகிறதா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால் போதும். உறையில் அச்சிட்டிருக்கும் எண் சிறியதாக இருந்தாலும் அந்தத் தட்டு தன் கடமையைச் செய்துவிட்டது.